சாலை இரைச்சல்: டெசிபல் கணக்கு தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி

மெயின் ரோட்டை ஒட்டி வீடு எடுத்துக் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "முதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு" என்பார்கள். மனசுக்குப் பழகிவிடும் என்பது சரிதான். ஆனால் தூக்கத்தில் இருக்கும்போதும் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. வெளியே ஒரு லாரி உறுமினால், நாம் கண் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, உடல் அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒவ்வொரு இரவும் இப்படி நடந்தால் வருடக்கணக்கில் அது இதய நோயில் கொண்டுபோய் விடுகிறது. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் பறிபோகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கணக்கிட்டது. நம் ஊர்ச் சாலைகள் அந்த ஊர்ச் சாலைகளைவிட அமைதியானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரைச்சலைக் குறைக்க வழி கேட்டால் மரம் நடலாம், மின்சார வண்டிக்கு மாறலாம், சுவர் கட்டலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் எது பலிக்கும், எது பலிக்காது, எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கு. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

டெசிபல் எப்படிக் கூடுகிறது?

கிலோ, லிட்டர் மாதிரி டெசிபலை நேராகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. இது மடங்குக் கணக்கு. ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் மீட்டரில் 3 டெசிபல் ஏறும். பத்து மடங்கானால் 10, நூறு மடங்கானால் 20, ஆயிரம் மடங்கானால் 30. நம் காதோ இன்னொரு விதமாகக் கேட்கிறது: சுமார் 10 டெசிபல் ஏறினால்தான் "சத்தம் ரெண்டு மடங்காயிடுச்சு" என்று நமக்குத் தோன்றும்.

இதிலிருந்து வரும் முதல் விளைவு கொஞ்சம் கசப்பானது. உங்கள் தெருவில் ஓடும் வண்டிகளைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பாடுபட்டும் இரைச்சல் 3 டெசிபல்தான் இறங்கும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி காதுக்குத் தோன்ற வேண்டுமானால் பத்து வண்டிகளில் ஒன்பது காணாமல் போக வேண்டும்.

இரண்டாவது விளைவு இன்னும் முக்கியமானது. 80 டெசிபல் எழுப்பும் இரண்டு வண்டிகள் சேர்ந்தால் 83 ஆகும். 80 டெசிபல் வண்டியோடு 65 டெசிபல் வண்டி ஒன்று சேர்ந்தால்? 80.1. சின்னச் சத்தத்தைப் பெரிய சத்தம் அப்படியே விழுங்கிவிடுகிறது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் நாலு பேர் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? அதே நிலைதான். ஆகவே அந்த 65 டெசிபல் வண்டியை எவ்வளவு அமைதியாக்கினாலும் பயன் இல்லை. எது எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்கிறதோ, அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விதிதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

நம் சாலைகளில் எல்லாவற்றையும் விட உரக்கக் கேட்பது எது? சொல்ல வேண்டியதே இல்லை.

ஹாரன்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஜன்னலில் சாலையின் பொதுவான இரைச்சல் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது, ஜன்னலில் அது 90 டெசிபல். வித்தியாசம் 30, அதாவது ஆயிரம் மடங்கு ஆற்றல். ஒரு நொடி அடித்த அந்த ஹாரனில் இருக்கும் ஒலி ஆற்றல், ஆயிரம் நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம் ஓடும் மற்ற எல்லா வண்டிகளின் சத்தத்துக்கும் சமம். ஒரு மணி நேரத்தில் நாலே நாலு தடவை இப்படி அடித்தால் போதும், அந்த ஒரு மணி நேரத்தின் மொத்தப் போக்குவரத்துச் சத்தத்தையும் அது மிஞ்சிவிடும். சராசரி 60-லிருந்து 63 ஆகும். 400 தடவை அடித்தால் சராசரி 80-ஐத் தாண்டிவிடும். நம் ஊர்ச் சிக்னல் ஒன்றின் பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள், மணிக்கு 400 என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை.

இங்கே சொல்லும் சராசரி, ஆற்றலை வைத்துப் போடும் சராசரி. உலகம் முழுவதும் இரைச்சல் வரம்புகளைப் பெரும்பாலும் இந்தச் சராசரியை வைத்துத்தான் வகுக்கிறார்கள். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவித்த இடங்களில் 50, 40. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் சென்னை உட்பட ஏழு பெரிய நகரங்களில் இரவும் பகலும் இரைச்சலை அளக்கும் கருவிகளை நிறுவியிருக்கிறது. எழும்பூர் கண் மருத்துவமனை, தி.நகர், பெரம்பூர், கிண்டி என்று சென்னையிலும் பல இடங்களில் அவை இருக்கின்றன. விதிப்படி எது இருக்க வேண்டுமோ அதைவிட அதிகமாகவே அவை காட்டி வருகின்றன.

ஹாரனுக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் ஹாரன் அடிக்கக் கூடாது என்று அதே ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பொது அவசரநிலைக்கு மட்டுமே விலக்கு. அமைதி மண்டலத்தில் எந்நேரமும் கூடாது. பல ஸ்வரங்களில் கூவும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். ஏர் ஹாரன்களைப் பறிமுதல் செய்து ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சி அவ்வப்போது செய்தியில் வருகிறது. ஒரு வாரம் கழித்து அதே சாலையில் அதே சத்தம்.

ஏன் அடிக்கிறார்கள்? ஓட்டுநர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் சாலையில் நடப்பவர், சைக்கிள், பைக், ஆட்டோ, பஸ், லாரி எல்லாம் ஒரே இடத்தில் நகர்கின்றன. லேன் கிடையாது. நடைபாதை கடைக்கும் பார்க்கிங்குக்கும் போய்விட்டதால் ஜனங்கள் ரோட்டில் நடக்கிறார்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல ஓட்டுநருக்கு ஹாரனைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு லாரிகளின் பின்னால் "சவுண்ட் ஹாரன்" என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். வட இந்திய லாரிகளில் இருக்கும் "ஹாரன் ஓகே ப்ளீஸ்" வாசகத்தை மகாராஷ்டிர அரசு 2015-ல் தடை செய்ததற்கு இதுதான் காரணம்: அந்த வாசகமே ஹாரன் அடிக்க அழைப்பு விடுக்கிறது. ஆக நல்ல நடைபாதை, பஸ் நிற்க ஒழுங்கான இடம், வண்டி திரும்ப இடமுள்ள சந்திப்பு, இவையெல்லாமே இரைச்சலைக் குறைக்கும் வேலைகள்தான். சாலைத் திட்டம் போடுகிறவர்கள் இவற்றை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஹாரன் இல்லாமல் நம் நாட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மிசோரம் தலைநகர் அய்சால் இருக்கிறது. மலைச் சரிவு, குறுகலான சாலை, நிறைய வண்டிகள். நெரிசல் நேரத்தில் கார்கள் ஒரு வரிசையாகவும் பைக்குகள் ஒரு வரிசையாகவும் நின்று நகர்கின்றன, ஹாரன் சத்தம் அநேகமாகக் கேட்பதே இல்லை. நேபாளத்தின் காத்மாண்டு நகரில் தேவையற்ற ஹாரனுக்கு 2017 ஏப்ரலில், அவர்களது புத்தாண்டு நாளிலிருந்து தடை போட்டார்கள். நகரம் அமைதியானதை அங்கே இருந்தவர்களே வியந்து பேசினார்கள். மும்பை போலீஸ் செய்தது வேறு மாதிரி. சில சிக்னல்களில் டெசிபல் மீட்டரை இணைத்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்பவர்களின் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2020 ஜனவரியில் அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. எல்லா சிக்னலிலும் இப்படிச் செய்ய முடியாது என்றாலும், சிக்னலில் நின்றபடி அடிக்கும் ஹாரனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

ஹாரனைக் குறைப்பதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அது குறையாத வரை கீழே சொல்லப்போகும் மற்ற வழிகளின் பலனை மீட்டரில்கூடப் பார்க்க முடியாது.

இன்ஜினும் டயரும்

ஹாரனுக்கு அடுத்தது, சத்தம் கூட்டுவதற்காக மாற்றிய பைக் சைலன்சர். இதையும் பெரிய சத்தம் சின்னதை விழுங்கும் விதிப்படிதான் பார்க்க வேண்டும். நள்ளிரவில் இப்படி ஒரே ஒரு பைக் ஊரின் குறுக்கே போனால், அந்தச் சாலையோரம் தூங்கும் ஆயிரக்கணக்கானவர்களின் தூக்கம் கலைகிறது. ஒலி வரம்பை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பாரிஸ் பகுதியில் இதற்காகவே சத்தத்தை அளந்து வண்டியைப் படம் பிடிக்கும் "ஒலி ரேடார்" கருவிகளைப் பரிசோதித்தார்கள்.

இவை இரண்டையும் தாண்டிய பிறகுதான் சாதாரணமாக ஓடும் வண்டியின் சத்தத்துக்கு வருகிறோம். அதில் இரண்டு பகுதி உண்டு: இன்ஜின், டயர். கார் மெதுவாகப் போகும்போது இன்ஜின் சத்தம் மேலே நிற்கும். வேகம் மணிக்கு 30, 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் டயர் சாலையில் உரசி எழுப்பும் சத்தம் அதை முந்திவிடும். பஸ், லாரியில் இன்ஜின் பெரிது என்பதால் இன்னும் கூடுதல் வேகத்தில்தான் இப்படி மாறும்.

மின்சார வண்டிகள் வந்தால் நகரம் அமைதியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கே சரி, எங்கே தப்பு என்பது இப்போது விளங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈசிஆரில் போகும் மின்சாரக் காரும் பெட்ரோல் காரும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் எழுப்பும், ஏனென்றால் இரண்டுக்கும் டயர் ஒன்றுதான். ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து உறுமிக் கிளம்பும் டீசல் பஸ்ஸுக்கு பதில் மின்சாரப் பஸ் வந்தால் அந்த இடத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சென்னையில் 2025-ல் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. இரைச்சல் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கணக்கான மின்சாரக் கார்களைவிட இவைதான் சாலையோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய உதவி. அதே மாதிரி ஆட்டோ. (மின்சாரக் கார் மெதுவாகப் போகும்போது சத்தமே இல்லாமல் வந்து பார்வையற்றவர்கள் மீது மோதிவிடக் கூடாது என்பதற்காக ஐரோப்பாவில் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒரு ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது நியாயமான விதி.)

டயர் சத்தத்தைக் குறைக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் பாதியானால் டயர் சத்தம் ஏறக்குறைய 9, 10 டெசிபல் இறங்கும். இதை வண்டிகளைப் பாதியாக்கினால் கிடைத்த அந்த 3 டெசிபலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் 2021 ஜனவரியிலும், பாரிஸ் அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலும் நகரின் பெரும்பாலான தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வைத்ததற்கு விபத்தோடு இரைச்சலும் ஒரு காரணம். பாரிஸைச் சுற்றி ஓடும் வட்டச் சாலையில் 2024 அக்டோபரில் வேக வரம்பை 70-லிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். நம் நகரங்களில் பகலில் நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. இங்கே தேவைப்படுவது இரவு வேகக் கட்டுப்பாடு. பகலில் கனரக லாரிகளை நகருக்குள் விடாததால் அவை இரவில் வருகின்றன, சாலையும் காலியாக இருக்கிறது, எல்லாரும் அழுத்துகிறார்கள். தூக்கத்துக்கு அமைதி தேவைப்படும் நேரமும் அதுதான்.

வேகத்தைக் குறைக்க நாம் உடனே எடுக்கும் ஆயுதம் வேகத்தடை. அது இரைச்சலைக் கூட்டிவிடும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டால் தெரியும். பஸ் பிரேக் போட்டு, ஏறி இறங்கி, மறுபடி கியர் மாற்றி உறுமிக் கிளம்பும். காலி லாரியின் பாடி தடதடவென்று ஆடும். சாலையைச் சற்றே குறுக்குவது, சந்திப்பில் சின்ன ரவுண்டானா அமைப்பது, வேகத்தைக் கேமரா வைத்துப் பிடிப்பது ஆகியவை வண்டிகளை ஒரே சீராக ஓட வைக்கும். விபத்து நடக்கும் பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெருவுக்கு நாலு, அதுவும் அளவே இல்லாமல் செங்குத்தாகப் போட்டால் அங்கே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

சாலையின் மேற்பரப்பு

டயர் சத்தத்தைக் குறைக்க இன்னொரு வழி சாலையை மாற்றுவது. நெதர்லாந்தில் நெடுஞ்சாலைகளில் மிகப் பெரும்பகுதி நுண்துளைத் தார்ச் சாலை. சாதாரணத் தார்க் கலவையில் காற்று இடைவெளி 4, 5 சதவீதம் இருக்கும். இதில் 20 சதவீதம் அளவுக்கு விடுவார்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே நசுங்கும் காற்று "புஸ்" என்று பீறிடாமல் அந்தத் துளைகளுக்குள் போய்விடும், சத்தத்தின் ஒரு பகுதியும் உள்ளேயே அடங்கிவிடும். புதிதாகப் போட்ட சாலையில் 3 முதல் 5 டெசிபல் வரை குறையும். மழைநீரும் உள்ளே இறங்கிவிடுவதால் தண்ணீர் தெறிக்காது.

கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்தத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். வேகமாக ஓடும் டயர்கள் தண்ணீரையும் தூசியையும் தாமாகவே உறிஞ்சி வெளியேற்றும் நெடுஞ்சாலைக்கு இது பொருந்தும். மண்ணும் குப்பையும் படிந்து, வண்டிகள் ஊர்ந்து போகும் நம் நகரத் தெருக்களில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். நமக்கு அதைவிட எளிய வேலைகள் காத்திருக்கின்றன. சாலை மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி ஒவ்வொன்றும் வண்டி ஏறும்போதெல்லாம் "டங்" என்கிறது. மேம்பாலத்தின் இணைப்புகளில் "தடக் தடக்" என்று இரவெல்லாம் கேட்கிறது. கேபிள் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் வேறு. இவற்றைச் சமப்படுத்துவது சாதாரணப் பராமரிப்பு வேலைதான். இன்னொன்று: கான்கிரீட் சாலை நீண்ட நாள் உழைக்கும் என்று பல நகரங்கள் அதற்கு மாறுகின்றன. பொதுவாக அது தார் ரோட்டைவிடச் சத்தம் கூடுதல், குறுக்கே வரி வரியாகக் கீறல் போட்டிருந்தால் இன்னும் மோசம். குடியிருப்புப் பகுதியில் கான்கிரீட் போடும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

சுவரும் மரமும்

ஒலித்தடுப்புச் சுவர் ஒலியை முழுக்க மறைக்காது. சுவரின் உச்சியில் ஒலி வளைந்து மறுபக்கம் இறங்கும். வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவு உயரம் இருந்தால் சுமார் 5 டெசிபல் குறையும். இன்னும் உயர்த்தினால் 10 வரை கொண்டுவரலாம். 15 என்பது ரொம்பச் சிரமம். இதன் பொருள், நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் சாலை தெரிகிறது என்றால் அந்தச் சுவரால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சுவரில் இடைவெளியும் கூடாது. வீட்டுக்கு வீடு கேட், கடைக்குக் கடை வாசல் என்று இருக்கும் நம் தெருக்களில் இது நடக்காத காரியம். மேம்பாலம், உயர்த்தப்பட்ட சாலை, மெட்ரோ பாதை போன்றவற்றுக்குத்தான் சுவர் பொருத்தம், ஏனென்றால் அங்கே வாசலே கிடையாது. மெல்போர்னில் ஒரு விரைவுச் சாலையையே இரும்பு வளையங்களால் ஆன குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது என்பதால். ஹாங்காங்கில் சாலையை முழுக்க மூடியே விட்ட இடங்கள் உண்டு. நம் ஊரில் மாடி ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில் மேம்பாலம் கட்டும்போது, கட்டும் செலவிலேயே இந்தத் தடுப்பையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வரிசை மரம் இரைச்சலைக் குறைப்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். இலைகளுக்கு நடுவே ஒலி தாராளமாகப் புகுந்து வரும். பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த புதர்க்காடு இருந்தால்தான் ஓரிரு டெசிபல் குறையும். நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் மரம் அவசியம், கண்டிப்பாக நடுங்கள். "மரம் நட்டாச்சு, இரைச்சல் பிரச்சினை தீர்ந்தது" என்று யாராவது கணக்கு காட்டினால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குள்

எல்லாம் போக மிச்சம் இருப்பது ஜன்னல். ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே, கண்ணாடி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே விலை உயர்ந்த கண்ணாடி வாங்கும் முன் சட்டத்தைச் சுற்றியிருக்கும் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சும் முட்டைத் தட்டும் வெளிச் சத்தத்தைத் தடுக்காது, அறைக்குள் எதிரொலியை மட்டுமே குறைக்கும். புது வீடு கட்டுபவர்கள் சாலைப் பக்கம் படிக்கட்டு, சமையலறை, குளியலறையை வைத்து, படுக்கையறையைப் பின்பக்கம் தள்ளினாலே போதும்; செலவில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் அது.

ஆனால் ஜன்னலை மூடினால் ஏசி வேண்டும். சாலையோரத்தில் ஒற்றை அறையில், தகரக் கூரையின் கீழ், சில பேர் பிளாட்பாரத்திலேயே படுத்திருக்கிறார்கள். இருக்கிற சத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்பவர்கள் அவர்கள்தான். மூட அவர்களுக்கு ஜன்னலே இல்லை. கண்ணாடி, ஏசி என்று வீட்டுக்கு வீடு தப்பித்துக்கொள்ளும் வழிகளை விட்டுவிட்டு, சத்தம் கிளம்பும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உங்கள் தெருவில் தொடங்க வேண்டுமானால், போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது துல்லியமான கருவி கிடையாது, ஆனால் எந்தச் சத்தத்துக்கு முள் எகிறுகிறது என்று காட்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பால்கனியில் வைத்து, எகிறும்போதெல்லாம் காரணத்தை எழுதுங்கள்: ஹாரன், சைலன்சர், சாக்கடை மூடி, வேகத்தடை. பட்டியலின் தலையில் எது நிற்கிறதோ அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை மூடி என்றால் வார்டு கவுன்சிலர், ஹாரனும் சைலன்சரும் என்றால் போக்குவரத்துப் போலீஸ். அளவு வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் ஒலி மாசு விதிகளின் 7-ஆம் விதிப்படி உரிய அதிகாரியிடம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், அல்லது இதற்கென நியமிக்கப்பட்ட, டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி, இவர்களில் ஒருவர் அதைப் பெற்று நடவடிக்கை எடுக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45. அப்படியானால் 55-லேயே புகார் கொடுக்கலாம்.